வரைபின் ஆழ நகல் தவறும்போது: அறிகுறியிலிருந்து வழுவைக் கண்டுபிடித்தல்

வரைபு என்பது கணுக்களும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட தரவுக் கட்டமைப்பு; ஆழ நகல் என்பது மூலத்தின் கணுவையோ பட்டியலையோ பகிராத முழு நகல். வரைபு ஒன்றை ஆழ நகல் எடுக்கும் செய்நிரல் தவறாக எழுதப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் அது முறைப்பாடு எதுவுமின்றி ஓடி முடிந்துவிடும். வழு வெளிப்படுவது வேறொரு சார்பில், சில வேளை நகலெடுத்து நெடுநேரம் கழிந்த பிறகு. ஆகவே கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கிக் காரணத்துக்குச் செல்லும் முறையில் இதை எழுதியிருக்கிறேன். உங்கள் செய்நிரல் காட்டும் அறிகுறிக்குரிய பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதற் பகுதியை எல்லோரும் வாசித்துவிடுவது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் வழுக்களில் பல அங்கே சொல்லப்படும் பதிவேட்டில் ஏதோ ஒரு குறை இருப்பதால் வருபவையே.

உதாரணத்துக்கு மட்டக்களப்பு வாவியைச் சுற்றிய வீதிகளை எடுத்துக்கொள்வோம். நகரிலிருந்து கல்லடிப் பாலத்தால் கடற்கரைப் பக்கம் வந்து, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகத் தெற்கே சென்று, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை அடையலாம். அங்கிருந்து வடக்கே வவுணதீவுக்கு வந்து வலையிறவுப் பாலத்தால் மீண்டும் நகருக்குள் நுழையலாம். ஊர்கள் கணுக்கள், வீதிகளும் பாலங்களும் விளிம்புகள். புறப்பட்ட கணுவுக்கே திரும்பிவரும் இந்தச் சுற்றுத்தான் நகலெடுப்பவருக்குச் சிக்கலைத் தருவது. சுற்றில்லாத மரவடிவக் கட்டமைப்பில் கீழே உள்ள வழுக்களில் பாதி தலைகாட்டாது. மொழிகுறித்த விவரங்களுக்குப் பெரும்பாலும் பைதனையே எடுத்துக்கொள்கிறேன். க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கும் அது பழகிய மொழி.

அறிகுறி: நகலில் செய்த மாற்றம் மூலத்திலும் தெரிகிறது

மாரி மழையில் வவுணதீவுப் பக்க வீதி வெள்ளத்தில் மூழ்கினால் கொக்கட்டிச்சோலைக்கு எவ்வழியாகப் போகலாம் என்று கணிக்கும் செய்நிரலொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வரைபை நகலெடுத்து, நகலில் வலையிறவுப் பால விளிம்பை நீக்கி, மண்முனை வழியாகக் குறுகிய பாதையைக் கணிக்கிறது. விடை சரியாக வருகிறது. அடுத்து, வெள்ளமில்லாத நாளுக்கான பாதையை மூல வரைபில் கேட்டால் அதுவும் மண்முனையைச் சுற்றிக்கொண்டே போகச் சொல்கிறது. மூலத்திலும் அந்தப் பாலம் இல்லாமற் போய்விட்டது.

இதில் மூன்று படிகளைச் சோதிக்க வேண்டும். முதலாவது, சமக்குறியிட்டு வேறொரு மாறியில் வைத்ததையே நகல் என்று எண்ணியிருக்கலாம். அது ஒரே பொருளுக்கு இரண்டாவது பெயர் மாத்திரமே. இரண்டாவது, கணுக்களைத் தாங்கும் வெளி அகராதியை (டிக்ஷனரி) மட்டும் நகலெடுத்திருக்கலாம். பைதனில் அகராதியின் கொப்பி முறையும், கொப்பி மொடியூலில் உள்ள சாதாரண கொப்பி சார்பும் இதைத்தான் செய்கின்றன. மூன்றாவதே அதிகம் ஏமாற்றுவது: கணுக்கள் புதியவை, ஆனால் ஒவ்வொரு புதிய கணுவும் பழைய கணுவின் அயற்பட்டியலையே (அதனோடு நேரே இணைந்த கணுக்களின் பட்டியலை) பிடித்துக்கொண்டிருக்கும். எந்தப் படியில் வழு இருக்கிறது என்பதை அறிய, மூலத்திலும் நகலிலும் வரைபு, அதிலுள்ள ஒரு கணு, அந்தக் கணுவின் அயற்பட்டியல், அப்பட்டியலின் முதல் உறுப்பு ஆகிய நான்கின் ஐடி எண்களையும் (பைதன் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் அடையாள எண்) அச்சிட்டு ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் எண்கள் ஒன்றாக இருக்கத் தொடங்குகின்றனவோ அந்த இடத்தில் நகலெடுப்பு நின்றுவிட்டது. நான்காவதை விட்டுவிட வேண்டாம்: பட்டியல் புதியதாக இருந்தும் அதற்குள் இருக்கும் அயற்கணுக்கள் பழையவையாக இருப்பது மிகப் பொதுவான அரைகுறை நகல். புதிய கல்லடியிலிருந்து ஓர் அடி வைத்தால் பழைய காத்தான்குடிக்குள் போய்விடுவோம்; அதன் பிறகு செய்யும் மாற்றம் ஒவ்வொன்றும் மூலத்தில்தான் விழும்.

திருத்தம், பழைய கணு ஒவ்வொன்றுக்கும் உரிய புதிய கணு எது என்று சொல்லும் பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்வது. போலிக்குறிமுறையில் அது இவ்வாறு அமையும்:

பதிவேடு ← வெற்று அகராதி
மூல வரைபின் ஒவ்வொரு கணு 'ப' இற்கும்:
    பதிவேடு[ஐடி(ப)] ← புதிய கணு(ப.பெயர்)
மூல வரைபின் ஒவ்வொரு கணு 'ப' இற்கும்:
    பு ← பதிவேடு[ஐடி(ப)]
    ப.அயல் இல் உள்ள ஒவ்வொரு கணு 'அ' இற்கும்:
        பு.அயல் இல் பதிவேடு[ஐடி(அ)] ஐச் சேர்

முதற் சுற்றில், அதாவது கணுக்களை முதல் தடவை கடக்கும்போது, விளிம்புகளைத் தொடவே இல்லை; கணுக்கள் எல்லாம் பிறந்த பிறகே இணைப்பு தொடங்குகிறது. இதனால் வாவியைச் சுற்றிய வட்டம் எந்தத் தொல்லையும் தராது. கணுக்களின் எண்ணிக்கையும் விளிம்புகளின் எண்ணிக்கையும் சேர்ந்த அளவுக்கே நேரம் செலவாகும். பைதனின் டீப்கொப்பி சார்பு மெமோ என்ற பெயரில் இதே பதிவேட்டைத் தானாகவே வைத்துக்கொள்கிறது. ஆகவே சிறிய, எளிய வரைபுக்கு அதை அழைத்தாலே போதும். வரைபுகளுக்கான நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் வரைபுக்குரிய கொப்பி முறை கணுக்களையும் விளிம்புகளையும் தனியாக்கித் தந்தாலும், விளிம்பின் பண்பாக நீங்கள் ஒரு பட்டியலை வைத்திருந்தால், பஸ் நேரங்கள் போல, அந்தப் பட்டியல் இரண்டு வரைபுக்கும் பொதுவாகவே இருக்கும்.

அறிகுறி: "மெக்சிமம் ரிகர்ஷன் டெப்த் எக்சீடட்" என்று செய்நிரல் நின்றுவிடுகிறது

சார்பொன்று தன்னையே அழைப்பது மீளழைப்பு; அதன் ஆழம் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதே இந்தச் செய்தி. ஜாவாவில் இதுவே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர் என்று வரும். ஒரே செய்திக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் எல்லை எண்ணைக் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்ற மூன்று கணுக்கள் மட்டும் கொண்ட சிறு வட்டம் ஒன்றை அமைத்து நகலெடுத்துப் பாருங்கள். அதற்கே செய்நிரல் நின்றால், உங்கள் சார்பு சுற்றில் அகப்பட்டு முடிவின்றித் தன்னையே அழைக்கிறது. பதிவேடே இல்லை, அல்லது இருந்தும் பதிவு பிந்துகிறது. இரண்டாவது வகையைக் கண்ணால் வாசித்துப் பிடிப்பது கடினம், ஏனெனில் பதிவேட்டைப் பார்க்கும் வரியும் எழுதும் வரியும் சார்புக்குள் இருக்கவே இருக்கும். புதிய கணுவை உருவாக்கி, அயல்களையெல்லாம் நகலெடுத்து முடித்து, கடைசி வரியில் பதிவேட்டில் எழுதினால், ஆரையம்பதியிலிருந்து கல்லடிக்குத் திரும்பிவரும்போது கல்லடி இன்னும் பதிவாகியிருக்காது. மறுபடியும் ஒரு புதிய கல்லடி தொடங்கும். கணுவை உருவாக்கிய அடுத்த வரியே பதிவு வரியாக இருக்க வேண்டும்.

சிறு வட்டம் சரியாக நகலாகி, பெரிய வரைபில் மட்டும் நின்றால் காரணம் உண்மையான ஆழம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவிலுக்குப் போகும் ஏ4 வீதியில் உள்ள தரிப்பிடம் ஒவ்வொன்றையும் ஒரு கணுவாக வைத்தால் கிடைப்பது ஒரு நீண்ட சங்கிலி. பைதனில் இயல்பான மீளழைப்பு எல்லை 1000. கேட்பதற்கு அது தாராளமாகத் தெரியும். ஆனால் அயல்களைப் பட்டியலில் வைத்திருக்கும் சாதாரண கணுப் பொருளுக்கு, டீப்கொப்பி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போவதற்குள் கணு, அதன் உள்ளடக்க அகராதி, அகராதிக்குள் இருக்கும் பட்டியல் என்று 3 படிகளையும் படிக்கு 2 அழைப்புகளாகக் கடக்கிறது. கணுவொன்றுக்கு 6 அழைப்பு என்றால், ஏறத்தாழ 165 தரிப்பிடங்களிலேயே 1000 தீர்ந்துவிடும்.

சங்கிலி வடிவம் இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். 200 கணுக்கள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாக இணைந்தவை என்றாலும் இதே வழு வரும். எந்த இரண்டு கணுவுக்கும் இடையில் ஒரே ஓர் அடிதான் தூரம். ஆனால் மீளழைப்பு ஒவ்வொரு கணுவிலும் இன்னும் பார்க்காத முதல் அயலைப் பிடித்துக்கொண்டு உள்ளே உள்ளே இறங்குவதால், கடைசிக் கணுவை அடையும்போது 200 கணு ஆழம் சேர்ந்திருக்கும்.

செட் ரிகர்ஷன் லிமிட் சார்பால் எல்லையை உயர்த்துவது பரீட்சைக்கு முதல் நாள் இரவு செய்யத் தக்க வேலை. அளவுக்கு மீறி உயர்த்தினால், இயங்குதளம் தந்த அடுக்கு நினைவகமே நிரம்பி, வழுச்செய்தி கூட இல்லாமல் செய்நிரல் வீழ்ந்துவிடக்கூடும். மேலே தந்த இரு சுற்று முறையில் மீளழைப்பே இல்லை. கணுக்களின் முழுப் பட்டியல் கையில் இல்லாமல் ஒரு தொடக்கக் கணு மட்டும் இருந்தால், வரிசை (கியூ) ஒன்றை வைத்து, எடுத்த கணுவின் அயல்களில் பதிவேட்டில் இல்லாதவற்றை உருவாக்கிப் பதிந்து வரிசையில் சேர்த்துக்கொண்டே போகலாம்.

அறிகுறி: நகலில் கணுக்கள் குறைந்துவிட்டன

இந்த அறிகுறியைக் காட்டும் செய்நிரல்களில் பல, நிரலாக்கப் பயிற்சித் தளமான லீட்கோட்டில் வரும், வரைபை நகலெடுக்கும் 133ஆம் கணக்கைப் பார்த்துப் பழகிய கையால் எழுதப்பட்டவை. அந்தக் கணக்கு நல்ல பயிற்சிதான். ஆயினும் அது மாணவருக்கு மூன்று சலுகைகளைத் தருகிறது. கணுக்களின் மதிப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. வரைபு முழுவதும் தொடர்புடையது. கணுக்கள் 100க்கு மேற்படாது. வேலைக்கென்று எழுதும் செய்நிரலில் இந்த மூன்றும் கிடைப்பதில்லை. மூன்றாவது சலுகை இல்லாதபோது நடப்பதை மேலே பார்த்தோம். மற்ற இரண்டும் இல்லாதபோது கணுக்கள் தொலைகின்றன.

கணுவின் பெயரைப் பதிவேட்டின் திறவுகோலாக வைத்தால், ஒரே பெயருள்ள இரண்டு கணுக்கள் நகலில் ஒன்றாகிவிடும். எங்கள் பக்கத்தில் பிள்ளையார் கோயிலடி என்று ஒரு தரிப்பிடம் இல்லாத ஊர் அரிது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கோயிலடியும் திருக்கோவில் பக்கத்துக் கோயிலடியும் ஒரே கணுவானால், இடையில் உள்ள இத்தனை ஊர்களையும் தாண்டிக் குறுகிய பாதை ஒன்று தோன்றும். பாதை கணிக்கும் சார்பு அதைத் தயங்காமல் தெரிவுசெய்யும். வழுவைப் பாதைக் கணிப்பில் தேடி நேரத்தை வீணாக்குவதற்கு இதைவிட நல்ல பொறி வேறில்லை. திறவுகோல் பொருளின் அடையாளமாக இருக்க வேண்டும்: பைதனில் ஐடி எண், ஜாவாவில் சாதாரண ஹாஷ்மேப்புக்குப் பதிலாக ஐடென்டிட்டி ஹாஷ்மேப்.

ஐடி எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. பொருள் அழிந்த பின் அதே எண் வேறொரு பொருளுக்குக் கிடைக்கலாம். அயல்களைச் சேமித்து வைக்காமல், கேட்கும்போதெல்லாம் தற்காலிகப் பொருளாக உருவாக்கித் தரும் வரைபுகளில் இதனால் தொடர்பில்லாத கணுக்கள் ஒன்றோடொன்று குழம்பும். பதிவேட்டில் புதிய கணுவோடு பழைய கணுவையும் சேர்த்து வைத்தால் பழையது அழியாமல் நிற்கும். பைதனின் டீப்கொப்பியும் உள்ளே இப்படித்தான் பழைய பொருட்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

பெயர்ச் சிக்கல் இல்லாமலும் கணுக்கள் குறைந்தால், நகலெடுப்பை எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று பாருங்கள். ஒரு கணுவிலிருந்து தொடங்கினால் அங்கிருந்து போய்ச் சேரக்கூடியவை மட்டுமே நகலாகும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடும் படகுப்பாதையை ஒருதிசை விளிம்பாகத் தவறிப் பதிந்திருந்தாலோ, வெள்ளத்துக்காகச் சில விளிம்புகளை ஏற்கெனவே நீக்கியிருந்தாலோ, கரையில் ஒரு துண்டு எட்டாமல் நின்றுவிடலாம். தொடக்கக் கணு ஒன்றை நம்பாமல், வரைபின் கணுப் பட்டியல் முழுவதையும் கொண்டு தொடங்குங்கள்.

வரைபின் ஒரு பகுதியை மட்டும் வேண்டுமென்றே நகலெடுப்பது வேறு விடயம். அம்பாறை மாவட்டத்தை மட்டும் எடுத்தால், பெரியநீலாவணையிலிருந்து மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றுக்குப் போகும் விளிம்பை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்: வெட்டிவிடுவதா, எல்லைக்கணு என்று ஒரு வெறுங்கணுவை வைப்பதா. தீர்மானிக்காமல் விட்டால் அந்த ஒரு விளிம்பு வழியாக மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் நகலுக்குள் வந்துவிடும், அல்லது புதிய பெரியநீலாவணை பழைய பெரியகல்லாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அறிகுறி: நகலில் கணுக்கள் கூடிவிட்டன

ஒரே கணு இரண்டு மூன்று தடவை நகலாகியிருக்கிறது. ஜேசன் என்ற உரை வடிவத்துக்கு மாற்றித் திரும்ப வாசிக்கும் குறுக்குவழியே வழமையான காரணம். சுற்று இருந்தால் ஜேசன் உடனே மறுத்துவிடும். பைதன் "சர்க்கியூலர் ரெஃபரன்ஸ் டிடெக்டட்" என்று சொல்லும், ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கு ஈடான வழு வரும். சுற்றில்லாமல், இரண்டு கணுக்கள் ஒரே கணுவைச் சுட்டினால் மறுப்பு எதுவும் வராது; சுட்டப்பட்ட கணு அமைதியாக இரண்டாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரக்சர்ட்குளோன் சார்பு சுற்றையும் பகிர்வையும் சரியாகக் காப்பாற்றும். ஆனால் வகுப்பின் முறைகள் நகலில் இரா, கணுவுக்குள் சார்பு ஒன்றை வைத்திருந்தால் வழுவும் எழும்.

பைதனில் மற்றொரு காரணம், வகுப்புக்குள் நீங்களே எழுதிய டீப்கொப்பி முறை. அதற்குக் கிடைக்கும் மெமோவை உள்ளே செய்யும் டீப்கொப்பி அழைப்புகளுக்குக் கையளிக்காமல் விட்டால், ஒவ்வொரு அழைப்பும் தனக்கென்று வெற்றுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கும். கணுப் பட்டியலைச் சுற்றி ஒவ்வொரு கணுவாக டீப்கொப்பி செய்வதும் இதே தவறுதான். பட்டியல் முழுவதையும் ஒரே அழைப்பில் கொடுங்கள்.

அறிகுறி: ஒரு திசையில் மட்டும் பயண நேரம் மாறுகிறது

விளிம்பைத் தனிப் பொருளாக வைத்து, கல்லடியின் பட்டியலிலும் நகரின் பட்டியலிலும் அதே பொருளைச் சேர்த்திருந்தால், விளிம்புக்கும் பதிவேடு வேண்டும். கணுக்களை மட்டும் பதிந்து, விளிம்பை ஒவ்வொரு பட்டியலிலும் காணும்போது புதிதாக உருவாக்கினால், நகலில் பாலம் இரண்டாகிவிடும். நகலில் அந்தப் பாலத்தின் பயண நேரத்தை 5 நிமிடமாக மாற்றினால், போகும்போது 5 நிமிடம், வரும்போது பழைய மதிப்பு என்று வரும்.

அறிகுறி: டீப்கொப்பியின் நடுவில் "அட்ரிபியூட் எரர்"

அயல்களைப் பட்டியலில் வைக்காமல் கணத்தில் (செட்) வைத்து, கணுவின் ஹாஷ் மதிப்பை (கணத்துக்குள் பொருளைத் தேட உதவும் எண்) பெயரிலிருந்து கணிக்கும் வகுப்புகளில் இது வரும். பெயர் என்ற பண்பே இல்லை என்று பைதன் சொல்லும். வகுப்பைப் பார்த்தால் பெயர் அங்கேதான் இருக்கும். நடப்பது இதுதான்: டீப்கொப்பி முதலில் வெறுமையான புதிய கல்லடியை உருவாக்கிப் பதிந்துவிட்டு, அதன் உள்ளடக்கத்தை நகலெடுக்கத் தொடங்குகிறது. அயல்கள் வழியாகச் சென்று, சுற்றி வந்து, காத்தான்குடியின் அயற்கணத்துக்குள் புதிய கல்லடியைச் சேர்க்க முயலும்போது கணம் அதன் ஹாஷைக் கேட்கிறது. புதிய கல்லடிக்கு இன்னும் பெயர் வந்து சேரவில்லை. இங்கே பதிவு முந்தியது சரியே; பொருள் நிறையாதது தவறு. அயல்களைப் பட்டியலில் வைப்பது அல்லது ஹாஷைப் பொருளின் அடையாளத்துக்கே விட்டுவிடுவது எளிய தீர்வு. இரண்டும் இயலாதபோது இரு சுற்று முறை உதவும், ஏனெனில் அங்கே பெயர் முதற் சுற்றிலேயே நிரம்பிவிடுகிறது.

அறிகுறி: நகலெடுப்பு மிக மெதுவாக நடக்கிறது, அல்லது "கெனொட் பிக்கிள்" என்று மறுக்கிறது

கணுவுக்குள் வரைபைச் சாராத ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது: தரவுத்தள இணைப்பு, திறந்த கோப்பு, பூட்டு (லொக்), பெரிய படமொன்று. டீப்கொப்பி அவற்றையும் நகலெடுக்கப் பார்க்கும். பூட்டுப் போன்றவற்றை நகலெடுக்க வழியில்லாததால் மறுக்கும். பகிர வேண்டியதைப் பகிருமாறு சொல்வதற்குச் சிறிய வழி உண்டு. டீப்கொப்பியை அழைக்கும்போது மெமோவாக ஓர் அகராதியைக் கொடுத்து, அதில் அந்தப் பொருளின் ஐடிக்கு எதிரே அதே பொருளை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அது ஏற்கெனவே நகலாகிவிட்டது என்று எண்ணி டீப்கொப்பி அதையே எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: சி பிளஸ் பிளஸ் செய்நிரல் முடியும் வேளையில் வீழ்கிறது

இயல்பான நகலாக்கி வெறுஞ்சுட்டிகளின் முகவரியை மட்டும் பிரதி செய்கிறது. மூலமும் நகலும் ஒரே கணுவின் நினைவகத்தை இரண்டு தடவை விடுவிக்கின்றன. பொருளைப் பிடித்திருப்போர் எல்லோரும் விட்டதும் அதைத் தானே விடுவிக்கும் ஷெயர்ட் பாயின்டருக்கு மாறினால் வீழ்ச்சி நிற்கும், ஆனால் சுற்றிலுள்ள கணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒருபோதும் விடுபடாது. கணுக்களை வரைபே ஒரு வெக்டரில் உடைமையாக வைத்து, அயல்களைச் சுட்டெண்களால் குறிப்பதே என் தெரிவு. அப்படி வைத்தால் வெக்டரை நகலெடுப்பதே ஆழ நகல். பதிவேடும் தேவையில்லை, ஏனெனில் 7ஆம் கணு நகலிலும் 7ஆம் கணுவே. பைதனிலும் கணுக்களை எண்களாலும் அயல்களை எண்களின் பட்டியலாலும் குறித்தால் இந்த வசதி கிடைக்கும். புதிதாகத் தொடங்கும் திட்டத்தில் கணுப் பொருட்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து வைப்பதற்கு நல்ல காரணம் இருந்தாலொழிய அவ்வாறு செய்ய வேண்டாம்.

திருத்திய பின் சரிபார்த்தல்

மூலத்தையும் நகலையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட வேண்டாம். பொருட்களை உள்ளடக்கத்தால் ஒப்பிடும் வகுப்புகளில் சுற்று இருந்தால் ஒப்பீடே முடிவின்றி ஓடி, மேலே பார்த்த மீளழைப்பு வழுவைத் தரும்; வெறுமனே அடையாளத்தால் ஒப்பிடும் வகுப்புகளில் சரியான நகலுக்கும் இல்லை என்றே விடை வரும். அதற்குப் பதிலாக மூன்றைச் சோதியுங்கள். கணுக்களின் எண்ணிக்கையும் விளிம்புகளின் எண்ணிக்கையும் இரண்டிலும் சமமா? மூலக் கணுக்களின் ஐடிகளுக்கும் நகலில் நடந்து சேரக்கூடிய கணுக்களின் ஐடிகளுக்கும் பொதுவான எண் ஒன்றேனும் உண்டா (இருக்கக் கூடாது)? ஒவ்வொரு பழைய கணுவின் அயல்களையும் பதிவேட்டின் வழியாக மாற்றினால், அதே ஒழுங்கில் புதிய கணுவின் அயல்கள் கிடைக்கின்றனவா? இரண்டாவது சோதனையைக் கணுக்களுக்கும் விளிம்புப் பொருட்களுக்கும் அயற்பட்டியல்களுக்கும் மட்டும் செய்யுங்கள். ஊர்ப் பெயர் போன்ற சரங்களும் எண்களும் மாற்ற முடியாதவை என்பதால் பைதன் அவற்றை நகலெடுக்காமல் அப்படியே பகிரும். அவற்றின் ஐடிகள் ஒன்றாயிருப்பது வழுவன்று.